அகல ரூமுக்கு வைத்த பொட்டு

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு எந்த சைஸ் பனியன் பொருந்தும் என்று அனுசுயா சொல்லிவிடுவாள். திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில், உட்கார்ந்த இடத்திலிருந்தே பனியன் மடித்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை அவளுக்கு. நாளெல்லாம் சைஸோடு புழங்கிப் புழங்கி, மனிதர்களின் பெயரெல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. டீ கொண்டு வருகிறவர் எண்பது. எதிர்க்கடை முதலாளி தொண்ணூற்றைந்து, அதுவும் மூச்சை இழுத்துப் பிடித்தால்தான். நாக்பூரிலிருந்து சரக்கெடுக்க வருகிற வியாபாரி வாயைத் திறக்குமுன், அவருக்கு எது, அவர் மகனுக்கு எது என்று பாதி இந்தியில் அடித்துவிடுவாள். அவரும் சிரித்துக்கொண்டே ரெண்டு டஜன் கூடுதலாக எடுத்துப்போவார். முதலாளிக்கு அந்தச் சிரிப்பின் அருமை தெரியும், அதனால் அவள் வாயாடுவதை அவர் கண்டுகொள்வதில்லை.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவள். சின்ன வயதில் போலியோ. இடது கால் கொஞ்சம் ஊன்றும், வலது கால் சும்மா கூட வரும். ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த லைன் வீட்டிலிருந்து கடைக்குக் கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டியில்தான் வருவாள், போவாள். சரக்கு டெம்போக்காரர்கள் ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டாள். யாராவது பாவமே என்று உச்சுக் கொட்டினால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

இத்தனை வாய் பேசுகிறவளுக்கு ஒரு சங்கதி மட்டும் வாயில் வராது. காலையில் வீட்டில் குடிக்கிற அரை டம்ளர் காபிதான், அதற்குப் பிறகு இருட்டி வீடு திரும்பும் வரை சொட்டுத் தண்ணீர் அவள் தொண்டையில் இறங்காது. கடையின் கக்கூஸ் மாடியில் இருந்தது, இரும்புப் படி ஏறிப் போக வேண்டும். தெருமுனைக் கட்டணக் கழிப்பறையிலோ வாசலில் உயரப் படி, உள்ளே ஈரத்தரை, ஆள் திரும்ப முடியாத இடுக்கு. அந்தத் தரையில் கையை ஊன்றி நகர்ந்து போக அவளுக்கு மனசு வரவில்லை. யாருக்கு வரும்? சித்திரை வெயிலில் மற்றவர்கள் மோரும் கரும்புச்சாறுமாகக் குடிக்கும்போது இவள் தனக்குத் தாகமே எடுக்காத உடம்பு என்று பெருமையடிப்பாள். கடைசியில் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் படுத்தாள். தண்ணீர் குடிக்காவிட்டால் அடுத்த தடவை சிறுநீரகத்தையே பிடித்துவிடும், வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இரு என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். வேலையை விடுவதா? அனுசுயாவுக்கு அதைக் கேட்டதும்தான் காய்ச்சல் கூடியது.

அந்தச் சமயம் பார்த்துத்தான், 2006 வாக்கில், கடைக்குப் பக்கத்துச் சந்துக்குள் நகராட்சி புதுக் கழிப்பறை கட்டித் திறந்தது. படியில்லாமல் சரிவாக வண்டி ஏறும்படி ஒரு பாதை. அதன் முடிவில் ஒரு அகலமான ரூம். உட்கார்ந்து போகிற பீங்கான். வாசலிலிருந்து அதுவரைக்கும் சுவரில் ஒரு ஸ்டீல் கம்பி. கதவில் சக்கர நாற்காலிப் படம் போட்டிருந்தது. படத்தை யார் பார்த்தார்கள்? எல்லாரும் அதை அகல ரூம் என்றே சொன்னார்கள்.

வாசலில் காசு வாங்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் சுப்பாத்தாள். வீரபாண்டியில் ரொம்ப வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்து, கண் மங்கிப்போனதால் இந்த வேலைக்கு வந்தவள். பக்கத்தில் ஒரு மண்பானையும் டம்ளரும் எப்போதும் இருக்கும். அனுசுயா முதல்முறை சரிவில் வண்டியை ஏற்றி, கதவு நிலையைப் பிடித்து எழுந்து, கம்பியைப் பற்றிப் பற்றி யார் துணையும் இல்லாமல் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. வெளியே வந்ததும் சுப்பாத்தாளிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்பினாள்.

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. மோர் விற்பவர் கடை வாசலில் நிற்காமல் போனால் கூப்பிட்டு நிறுத்தினாள். வருஷக்கணக்காகக் குடிக்காமல் விட்ட கரும்புச்சாற்றையெல்லாம் ஒரே மாதத்தில் குடித்துத் தீர்க்கிற மாதிரி குடித்தாள். முகம்கூடத் தெளிந்துவிட்டதாக முதலாளி சொன்னார். சுப்பாத்தாளோடு நல்ல சிநேகமும் ஆகிவிட்டது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பிள்ளைக்காரிகள் அந்த அகல ரூமைக் கண்டுபிடிக்கும் வரை.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்தச் சந்தின் இரு பக்கமும் சின்னச் சின்ன கம்பெனிகள். அங்கே பிசிறு வெட்டுகிற, பட்டன் கட்டுகிற பெண்கள் பலர் கைக்குழந்தையோடு வருகிறவர்கள். விஜயராணி அதில் ஒருத்தி. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு, இடுப்பில் ஐந்து மாதக் கைக்குழந்தை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு தனுஷ் என்ற மூன்று வயசுப் பையன். பெண்கள் பக்கத்து இடுக்கு ரூமில் அவள் ஒருத்தியே திரும்ப முடியாது. குழந்தையை ஈரத்தரையில் போடுவாளா? தனுஷை வெளியே விட்டால் கண்ணை மூடித் திறப்பதற்குள் டெம்போக்களுக்கு நடுவே ஓடிவிடுவான். அகல ரூமுக்குள் மூவரும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் ஒரு தொல்லையும் இல்லை. அவளைப் பார்த்து இன்னொருத்தி, இன்னொருத்தியைப் பார்த்து மற்றொருத்தி என்று கூட்டம் சேர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு அனுசுயா வண்டியை ஏற்றும்போதெல்லாம் கதவு சாத்தியே இருந்தது. உள்ளே குழந்தை அழும், அம்மா பாடுவாள், தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நிற்கவே நிற்காது. சுப்பாத்தாள் கதவைத் தட்டுவாள், இதோ வந்துவிட்டோம் என்று பதில் வரும், ஆள் வராது. அனுசுயா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டொரு தடவை முடியாமல் போய், நனைந்த பாவாடையோடு வீட்டுக்கே வண்டியைத் திருப்பினாள். வழியெல்லாம் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து கரும்புச்சாறு வண்டி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒருநாள் மத்தியானம் அதிர்ஷ்டவசமாக ரூம் காலியாக இருந்தது. அதிர்ஷ்டம் என்றுதான் அவளும் நினைத்தாள். எழுந்து கம்பியைப் பிடித்து இரண்டு அடி வைத்திருப்பாள். கம்பி சுவரிலிருந்து காரையோடு பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. அனுசுயா தடாலென்று பக்கவாட்டில் விழுந்து, முழங்கை சிராய்த்து, ஈரத்தில் கிடந்தாள். எந்தத் தரையில் கை வைக்க மாட்டேன் என்று வருஷக்கணக்கில் தாகத்தோடு இருந்தாளோ, அதே தரை.

சுப்பாத்தாள் ஓடிவந்து தூக்கினாள். அப்போதுதான் கம்பியின் இரண்டு பக்கமும் பனியன் துணி முடிச்சுப் போட்டுத் தொங்குவதை இருவரும் பார்த்தார்கள். விஜயராணி இரண்டு முனையையும் கம்பியில் கட்டி, தரைக்கு ஒரு சாண் மேலே தொட்டில் தொங்கவிட்டிருக்கிறாள். குழந்தையை அதில் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து எழுந்திருக்கிறாள். தனுஷ் மறுபக்கம் குரங்குக் குட்டியாட்டம் தொங்கி ஆடியிருக்கிறான். மற்ற பெண்களும் அதையே செய்திருக்கிறார்கள். திருப்பூரில் ஒரு கம்பி சும்மா இருந்தால் அதில் தொட்டில் தொங்கும். கம்பெனி ஜன்னலில், படிக்கட்டின் அடியில், எங்கே பார்த்தாலும் தொங்கும். தாய்மார்களுக்காக யாரோ புண்ணியவான் தொட்டில் கம்பி வைத்துக் கொடுத்திருக்கிறார் என்றே அவர்கள் நம்பிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து விஜயராணியே இடுப்பில் குழந்தை, தோளில் துணி, பின்னால் தனுஷ் என்று சரிவில் ஏறி வந்தாள். வந்ததே வினை. அனுசுயா பிடித்துக்கொண்டாள். பிள்ளை பெற்றவளுக்கென்றால் ஊரே தூக்கிக் கொடுக்கும், இந்த ஒரு ரூம்தானே எங்களைப் போன்றவர்களுக்கு, அதையும் தொட்டில் கட்டிப் பிடுங்கிக்கொண்டீர்களே என்று சந்தே கூடும்படி பொரிந்து தள்ளினாள். விஜயராணி முழங்கை ரத்தத்தையும் முடிச்சையும் பார்த்தாள், அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகம் செத்துப்போய் நின்றாள்.

"எனக்குத் தெரியாதுக்கா. தொட்டில் கட்டத்தான் வச்சிருக்காவன்னு நெனச்சேன். எனக்குன்னா அடக்கிக்கிடுவேன், இவனுக்கு எப்படிச் சொல்லி அடக்க வைப்பேன்?"

யார் சொன்னது நியாயம் என்று கேட்டால் இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். வம்பே அங்கேதான் இருக்கிறது.

கழிப்பறையை ஏலம் எடுத்திருந்த நாச்சிமுத்துவுக்குச் சேதி போனது. நல்ல உடம்பு, அனுசுயாவின் கணக்கில் நூற்றுப்பத்து சைஸ். பரம்பரையாகத் தறி ஓட்டிய குடும்பம், நெற்றி நிறைய விபூதி, முருகா முருகா என்பார். வம்பு வழக்கு என்றால் மட்டும் ஆள் பத்தடி தள்ளி நிற்பார். வந்து பார்த்தார். யார் பக்கமும் பேசவில்லை. "ஒருத்தருக்கும் வேண்டாமுங்க, பூட்டிப்போடலாம்" என்றார். பிளீச்சிங் பவுடர் டிரம்களையும் உடைந்த வாளிகளையும் அகல ரூமுக்குள் அடுக்கினார், பெரிய பூட்டாகப் போட்டார், போய்விட்டார்.

அனுசுயா ஆடிப்போய்விட்டாள். நியாயம் கேட்கப் போய் இருந்ததையும் தொலைத்த கதையாகிவிட்டது. மறுபடி அரை டம்ளர் காபி, மறுபடி காய்ந்த உதடு. வாய்கூடக் குறைந்தது. நாக்பூர் வியாபாரி வந்து தன் சைஸ் என்ன என்று அவராகவே கேட்டும் அவள் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் டாக்டரம்மா சொன்னது நடந்துவிடும் என்று அவளுக்கே தெரிந்தது.

ஒருநாள் சந்து வழியே வரும்போது, சாக்கடை ஓரத்தில் தனுஷை நிறுத்திவைத்து விஜயராணி நனைந்த டவுசரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். போகிற லோடுமேன்கள் பையனைக் கேலி செய்தார்கள். பையன் ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றான். அனுசுயா வண்டியை நிறுத்தினாள். அந்த முகம் மூடல் அவளுக்குத் தெரிந்ததுதான். நனைந்த பாவாடையோடு தானும் அப்படித்தானே வீடு போனாள். லோடுமேன்களை நாலு வார்த்தை நறுக்காகக் கேட்டு விரட்டிவிட்டு, மடியிலிருந்த பையைத் திறந்து, டேமேஜ் என்று ஒதுக்கிய அறுபது சைஸ் பனியன் ஒன்றை எடுத்துப் பையனிடம் நீட்டினாள். முழங்கால் வரை வந்தது. போதும், டவுசர் தேவையில்லை.

பிறகு இருவரும் சேர்ந்தே சுப்பாத்தாளிடம் போனார்கள். பூட்டின் சாவி அவளிடம்தான் இருந்தது, திறக்கத்தான் உத்தரவில்லை. சுப்பாத்தாள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டாள். அப்புறம் மெல்லச் சிரித்தாள்.

"அடுத்த வாரம் ஆயுத பூசைங் கண்ணு. அன்னிக்குப் பூட்டிக் கெடக்கற ரூம்பு உண்டுமா இந்த ஊர்ல?"

அனுசுயாவுக்கு விஷயம் பளிச்சென்று பிடிபட்டது. திருப்பூரில் ஆயுத பூசை என்றால் சும்மாவா. தையல் மிஷினிலிருந்து கத்தரிக்கோல் வரை, டெம்போவிலிருந்து டீக்கடைப் பாய்லர் வரை, கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்காத பொருள் ஊரில் ஒன்று இருக்காது. கழுவ வேண்டுமென்றால் திறந்துதானே ஆக வேண்டும். எல்லா ரூமையும் கழுவிவிடட்டுமா என்று சுப்பாத்தாள் சாதுவாகக் கேட்டதற்கு, நாச்சிமுத்து இதையெல்லாம் கேட்க வேண்டுமா என்று கடிந்துகொண்டார். உத்தரவு வந்தாகிவிட்டது.

பூசைக்கு முதல் நாள் பகலில் டிரம்களெல்லாம் பின்பக்கத்து ஷெட்டுக்குப் போயின. விஜயராணியும் நாலைந்து பிள்ளைக்காரிகளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரைத் தேய்த்தார்கள். அனுசுயாவின் வண்டிக்கு வெல்டிங் வைக்கிற முனீஸ் வந்து, சுவரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை துளைத்து, வெளியே இரும்புப் பட்டை கொடுத்துக் கம்பியை நட்டுப் போட்டு முடுக்கினான். மிச்சமிருந்த கம்பியில் ஒரு கொக்கி வளைத்து, வெளித் தாழ்வாரத்தின் உத்தரத்தில், சுப்பாத்தாளின் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டினான். அந்த யோசனை அனுசுயாவுடையது. தொட்டில் ரூமுக்குள் எதற்கு? வெளியே தொங்கட்டும், உட்கார்ந்த இடத்திலிருந்து சுப்பாத்தாள் ஆட்டட்டும். அப்படியானால் குழந்தைக்காரி இடுக்கு ரூமுக்கும் நிம்மதியாகப் போய்வரலாம். மறுக்கிற ஆளா சுப்பாத்தாள், அவளுக்குப் பிள்ளை என்றால் உயிர்.

பூசையன்று சந்தே மணத்தது. கடை வாசலெல்லாம் வாழைக்கன்று, பொரி, சுண்டல். அனுசுயாவின் வண்டிச் சக்கரத்துக்கும் சந்தனம் குங்குமம், கைப்பிடியில் சாமந்திச் சரம். நாச்சிமுத்து பட்டு வேட்டியில் தேங்காய் பழத் தட்டோடு வந்து, தண்ணீர் மோட்டாருக்குப் பொட்டு வைத்தார், குழாய்களுக்கு வைத்தார், விளக்குமாற்றுக்குக்கூடப் பக்தியோடு வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டே வந்தவர், திறந்திருந்த அகல ரூமுக்குள்ளும் நுழைந்து, பளபளவென்றிருந்த ஸ்டீல் கம்பிக்குச் சந்தனத்தைத் தீற்றிக் குங்குமமும் வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தால் வாசலை அடைத்துக்கொண்டு அனுசுயா, விஜயராணி, பிள்ளைக்காரிகள், பொரி தின்றுகொண்டு பாதிச் சந்து.

பொட்டு வைத்ததை மறுபடி பூட்டி வைத்தால் வியாபாரம் விளங்குமா என்று சுப்பாத்தாள் காற்றைப் பார்த்துக் கேட்டாள்.

நாச்சிமுத்து இலேசில் விடவில்லை. கம்பி மறுபடி பெயர்ந்தால் யார் பொறுப்பு, நாளைக்கு இன்னொருத்தி தொட்டில் கட்டினால் என்ன செய்வது, மண்டை உடைந்தால் தன் தலையல்லவா உருளும் என்று அடுக்கினார். அனுசுயா பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் அவரை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் அளந்து பார்த்தாள்.

"அண்ணே, இந்தச் சந்துலயே பெரிய சைஸ் நீங்கதான். ஒங்களுக்குத் தாங்குனா எல்லாருக்கும் தாங்கும். ஒருக்காத் தொங்கிப் பாருங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மனுஷருக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் நல்ல நாள், கையில் தேங்காய்த் தட்டு, சுற்றிலும் பெண்டுபிள்ளைகள். தட்டை விஜயராணியிடம் கொடுத்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். முருகா என்று சொல்லிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை மடக்கி, மொத்த உடம்பையும் தொங்கவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஒருதரம் ஆட்டிப் பார்த்தார். அப்போதும் ஆகவில்லை. மூன்றாம் தரம் யாரும் கேட்காமலே ஆடினார், முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்து நின்று, கையில் ஒட்டிய சந்தனத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க, நடக்கட்டும் என்றார்.

சட்டத்தைச் சுப்பாத்தாள் அங்கேயே அறிவித்தாள். சக்கரமோ ஊன்றுகோலோ வந்தால் அகல ரூம் அவர்களுக்குத்தான், வரிசை கிடையாது. அப்படி யாரும் இல்லாத நேரம், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவள் போகலாம், வேலை முடிந்ததும் வெளியே வந்துவிட வேண்டும். தொட்டில் தாழ்வாரத்தில். கம்பியில் துணி கட்டினவளின் கையை ஒடித்துவிடுவாளாம். சட்டத்தில் யாரும் குற்றம் கண்டுபிடிக்கவில்லை. விஜயராணியின் குழந்தை அதற்குள் கொக்கித் தொட்டிலில் தூங்கிவிட்டிருந்தது.

முதலில் போவது யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அனுசுயா காலையிலிருந்தே குடிக்க ஆரம்பித்துவிட்டாள். கடையில் பானகம், எதிர்க்கடையில் எலுமிச்சைச் சாறு, அதற்கு மேல் சுப்பாத்தாளின் பானைத் தண்ணீர். பகல் வேளையில் இத்தனை அவள் வயிற்றுக்குள் போய் எவ்வளவோ நாளாயிற்று. சாமந்திச் சரம் ஆட வண்டியைச் சரிவில் ஏற்றிக் கதவருகே நிறுத்தினாள். எல்லாரும் வழிவிட்டார்கள். நிலையைப் பிடித்து எழப்போனவள், சும்மா திரும்பிப் பார்த்தாள்.

தனுஷ் அந்த அறுபது சைஸ் பனியனின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் கசக்கிப் பிடித்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்துக் குதித்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்து கேட்கவில்லை. விஜயராணி அவன் தோளைப் பிடித்து, அக்கா வரட்டும், அக்கா வரட்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அனுசுயா வண்டியை ஒரு முழம் பின்னுக்கு உருட்டினாள்.

"ஏ விஜயராணி, மொதல்ல அவனக் கூட்டிட்டுப் போத்தா."

சுப்பாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. சட்டம் போட்டு வாய் மூடுவதற்குள் சட்டம் கேட்டவளே உடைக்கிறாளே என்று கோபித்துக்கொண்டாள். அதெல்லாம் சரிதான், ரூம் என் உரிமை, அதை யாருக்குக் கொடுப்பது என்பதும் என் இஷ்டம் என்று அனுசுயா சொல்லிவிட்டாள். விஜயராணி போகிற போக்கில் அனுசுயாவின் தோளைத் தொட்டுவிட்டுப் பையனை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அனுசுயா வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவசரம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவள் வயிற்றில் பயம் இல்லை. இத்தனை வருஷமாக அடக்கித்தான் பழக்கம். இன்றைக்குச் சும்மா காத்திருந்தாள், அவ்வளவுதான். உள்ளிருக்கிறவள் சொன்ன நேரத்தில் வெளியே வந்துவிடுவாள் என்று தெரிந்திருந்தது.

வந்தும் விட்டாள். தனுஷ் துள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். இரண்டு உள்ளங்கையும் மஞ்சளாகச் சந்தனம், நடுவில் குங்குமம். தொங்கியிருக்கிறான் படவா. விஜயராணி தலையில் அடித்துக்கொண்டாள், கையை ஓங்கிய சுப்பாத்தாளும் பாதியில் சிரித்துவிட்டாள். நூற்றுப்பத்தும் தாங்கியது, அறுபதும் தாங்கியது, இனி நடுவில் இருக்கிற சைஸுக்கு என்ன கவலை என்று அனுசுயா சொல்ல, நாச்சிமுத்துவே வாய்விட்டுச் சிரித்தார்.

அனுசுயா நிலையைப் பிடித்து எழுந்தாள். கம்பியை எட்டிப் பிடித்தாள். சில்லென்று சந்தனம் கையில் ஒட்டியது. கம்பி அசையவில்லை. ஒரு கையால் கதவைச் சாத்தப்போனவள், பாதியில் நிறுத்தித் தலையை வெளியே நீட்டினாள்.

"சுப்பாத்தாக்கா, பானையில இன்னொரு டம்ளர் மோந்து வைங்க. இந்தா வந்துர்றேன்."